எழுத்துக்கு மூன்று வெள்ளி

செந்தூலில் எங்கள் தேவாலயத்து நடு மின்விசிறிக்கு
மூன்று இறக்கைகள்.
முதல் இறக்கையில் ‘அன்பளிப்பு’.
அடுத்ததில் ‘அருளப்பன்’. நான்தான்.
கடைசியில் ‘மற்றும் குடும்பத்தார்’, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

‘உபயம்’ என்று போடத்தான் எண்ணியிருந்தேன்.
அது கோயில் பழக்கம், நமக்கு வேண்டாமே என்றார் போதகர்.
சொல்லை மட்டும் மாற்றினேன்.

எழுத்துக்கு மூன்று வெள்ளி கேட்டார் பெயிண்ட்காரர்,
புள்ளி இனாம்.
என் பெயரில் இரண்டு புள்ளி.
அதையும் ஆண்டவர் கொடுத்த தள்ளுபடி என்றே
எடுத்துக்கொண்டேன்.

விசிறிக்கு நேர் கீழே ஒரு பெண் உட்காருவாள், சலோமி.
மோண்ட் கியாரா அடுக்குமாடியில் இரவுக் காவல்.
சீருடைக்கு மேல் சால்வை போர்த்தி
ஞாயிறு காலை நேராக வந்துவிடுவாள்.
இரண்டாம் பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போவாள்.
மூன்று வாரம் பார்த்தேன்.
நாலாம் வாரம்
“அது எங்கள் குடும்ப இடம், தங்கச்சி” என்றேன்,
புன்னகையோடுதான்.
சால்வையைச் சுருட்டிக்கொண்டு
கழிவறைக் கதவோரம் போய் உட்கார்ந்தாள்.
அங்கே விசிறி கிடையாது.

அன்றைக்கு நன்றாக ஜெபித்தேன்.
என் லாரிகள், என் முழங்கால்,
என் மகளின் மருத்துவ சீட்டு,
என் எதிர்வீட்டான் காரை நிறுத்தும் விதம்.
ஆமென் வருவதற்குள்
எத்தனை ‘என்’ என்று யாரும் எண்ணவில்லை.
எண்ணியிருந்தால்
பெயிண்ட்காரருக்கு நல்ல வருமானம்.

லெந்து காலத்து ஞாயிறு ஒன்றில்
பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போனது.
மைக் வாய் மூடியது.
விசிறி உடனே நிற்கவில்லை.
மனமில்லாமல் மெல்ல மெல்ல ஓய்ந்தது.
சாம்பல் வட்டமாக இருந்தது கலைந்து
முதலில் ஓர் ‘அ’,
பிறகு ‘ருள’,
பிறகு முழுப் பெயர்.

இருநூறு பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.
தலைக்கு மேல் நான்
தெளிவாக, அசையாமல், எதற்கும் உதவாமல்
தொங்கிக்கொண்டிருந்தேன்.

கதவோரம் சலோமி விழித்திருந்தாள்.
பக்கத்துப் பிள்ளைத்தாச்சிக்குக்
காணிக்கை உறையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
உறைக்குள் சில்லறை குலுங்கியது.
அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டதா, தெரியாது.

சனிக்கிழமை ஏணியோடு போனேன்.
கையில் உப்புத்தாள், ஒரு பழைய பிளேடு.
யாரும் இல்லை.
யாரும் இல்லையே என்று ஒரு சின்ன வருத்தம் வந்தது,
மறைக்கவில்லை, வந்தது.
சாட்சி சொல்லும் நேரத்தில் இதை எப்படி ஆரம்பிக்கலாம் என்று
ஏணியின் மூன்றாம் படியிலேயே
வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டேன்.

சுரண்டினேன்.
ஐந்து வருஷத்துத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்
இறக்கையெங்கும் கறுத்திருந்தன.
நான் சுரண்டிய இடம் மட்டும்
வெள்ளி போலப் பளிச்சென்று வந்தது,
எழுத்தின் அதே வளைவில்.
முன்பைவிட நன்றாகவே வாசிக்க முடிந்தது என் பெயரை.
அழிக்க அழிக்க மினுங்கியது.

கீழே ஏணி அசைவது நின்றது.
யாரோ பிடித்திருந்தார்கள்.
பூ ஜாடி கழுவ வந்த சலோமி.
மன்னிப்பு என்ற சொல் தொண்டைக்கு வந்தபோது
அதுவும் என்னைப் பற்றிய பேச்சாகவே
இருக்கும் போலிருந்தது.
ஆனாலும் சொன்னேன். அரைகுறையாக.

அவள் நிமிர்ந்து இறக்கையைப் பார்த்தாள்.
வாசித்தாளா, தெரியவில்லை.
“இறங்கி வாங்கண்ணே,
சுவிட்சைப் போடுங்க.
வேர்க்குது” என்றாள்.

போட்டேன்.